சத்தம் போடாத பிரேக்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மகள் வாயாடியும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் இருமல் நின்றதா? விடுதியில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அத்தான் விழுந்த செய்தி போனில்தான் வந்தது. அதற்குப் பிறகு அது அடித்தாலே எனக்கு விரல் விறைத்துப் போகிறது. அணைத்துத் துணிகளுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

நீ பிரேக் செய்கிற தொழிற்சாலையில் இருக்கிறாய், அதனால் கேட்கிறேன். நன்றாக இருக்கிற பிரேக் திடீரென்று பிடிக்காமல் போகுமா? அத்தானின் சைக்கிளில் இருந்த பிரேக்கில், உன் சட்டைப் பையில் தைத்திருக்கிற அதே முத்திரைதான் இருக்கிறது.

அத்தான் வேலை பார்த்த டெலிவரி கம்பெனியின் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தான். சத்தம் என்றாலே ஆகாது என்பதால் பையன்கள் அவனுக்கு சைலன்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவீட்டில் உட்கார்ந்து சொல்கிறான்: "பிரேக்கெல்லாம் பக்காவா இருந்துச்சும்மா. சைக்கிள் மேல தப்பில்ல. அவருக்கு மனசுல என்ன அவசரமோ, யாருக்குத் தெரியும்?" இத்தனை வருடம் இந்த மலைச் சரிவில் பார்சல் சுமந்து இறங்கியவருக்கு அன்றைக்கு மட்டும் என்ன அவசரம்?

முன்சக்கரத்தையும் பிரேக்கில் உரசிப் பிடிக்கிற பேட்களையும் மட்டும் மாற்றி, அதே சைக்கிளை மறுபடி ஓடவிட்டுவிட்டார்கள். கைப்பிடியில் அத்தான் சுற்றிய நீல டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. நம் பின்கதவைத் தாண்டித்தான் தினமும் இறங்குகிறது.

உன் பதிலை எதிர்பார்த்து,
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? சுற்றுலா விடுதியின் சலவை அறையில் நாள் முழுக்க நின்றால் உனக்குக் கால் வீங்குமே. முக்காலி ஒன்று போட்டுக்கொள்.

நீ கேட்டதற்கு இங்கிருந்து பதில் சொல்வது கஷ்டம். விலை குறைந்த டிஸ்க் பிரேக்கில் ஒரு பக்கத்துப் பேட் மட்டும்தான் நகரும். அது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தகட்டை வளைத்துக்கொண்டு போய், அசையாமல் இருக்கிற மறுபக்கத்துப் பேட்டின் மேல் அழுத்தும். இரண்டு பேர் தூக்க வேண்டிய கட்டிலை ஒருவன் தூக்க, மற்றவன் சும்மா கை வைத்துக்கொண்டு வருவது மாதிரி. சமதரையில் கடைக்குப் போய்வர அது போதும். பெட்டியின் மேல் பனிமலையைப் படம் போட்டு விற்கிறார்கள். போட்டவன் மலையைப் பார்த்திருக்க மாட்டான்.

பேட் தேய்ந்திருக்கலாம். கம்பி தளர்ந்திருக்கலாம். மழையாக இருந்திருக்கலாம். யார் மேல் தப்பு என்று இனிமேல் தோண்டி என்ன ஆகப்போகிறது அக்கா? விட்டுவிடு.

வாயாடி ஒரு வரிகூட எழுதவில்லையே. வழக்கமாக உன் கடிதத்தின் ஓரமெல்லாம் அவள் கிறுக்கல்தானே இருக்கும்? கல்லூரி எப்படிப் போகிறது?

என்றும் உன் நினைவில்,
தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

தோண்டாதே என்று எழுதியிருந்தாய். குழி தோண்டி மூடியும் ஆகிவிட்டது. உள்ளே யார் இருக்கிறார் என்று உனக்குத் தெரியும்.

கம்பெனிப் பட்டறையில் சைக்கிள் பழுது பார்க்கிற ஸ்பானரிடம் போனேன். அத்தானோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். சைக்கிளில் இருந்து கழற்றிய பழைய பேட்களைக் கேட்டேன். "எதுக்குக்கா, ஞாபகத்துக்கா?" என்றான். ஆமாம் என்றேன். குப்பைத் தகரத்தில் தேடி எடுத்துக் கொடுத்தான், ஆனால் என் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. சோப்பு டப்பாவில் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். நீ பார்த்துச் சொல்.

இன்னொன்று. முன்பெல்லாம் அத்தான் வருவது மேல் திருப்பத்திலேயே கேட்கும். தகரத்தை அறுக்கிற மாதிரி பிரேக் கத்தும். எல்லா சைக்கிளும் அப்படித்தான் கத்தும். "உன் புருஷன் ஊரைக் கூட்டிக்கிட்டு வர்றாரு" என்று அடுத்த வீட்டுக்காரி கிண்டல் பண்ணுவாள். அத்தான் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னாலிருந்து மலையே வாயை மூடிக்கொண்டது. இப்போது சைக்கிள்கள் நிழல் மாதிரி இறங்குகின்றன. சாயங்காலம் வேலை முடிந்து பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். எதுவும் கேட்பதில்லை. முகத்தில் ஒரு காற்று படும். நிமிர்வதற்குள் நீல டேப் தாண்டிப் போயிருக்கும்.

அடுத்த வீட்டுக்காரி, "உள்ள வந்து உக்காரு, இல்லாததையெல்லாம் பாக்குறே" என்கிறாள். இருப்பதைத்தான் பார்க்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

பேட் வந்த அன்றே பார்த்துவிட்டேன். எழுதத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

தேயவில்லை அக்கா. இன்னும் எத்தனையோ மாதம் ஓடியிருக்கும். ஆனால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. பேட்டின் முகம் சொரசொரவென்று இருக்க வேண்டும். ஒரு தகரத்தில் வைத்துச் சூடாக்கினேன். புகை வந்தது. சங்கிலிக்கு அடிக்கிற எண்ணெயின் நாற்றம். அந்தப் பேட் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்து வைத்திருக்கிறது.

டிஸ்க்கில் எண்ணெய் கொஞ்சமாகப் பட்டால் பிரேக் இன்னும் மோசமாகக் கத்தும். நிறையப் பட்டால் வாயடைத்துப் போகும். அப்புறம் மெதுவாகப் போனால் பிடிக்கிற மாதிரி இருக்கும். சரிவில் சுமையோடு இறங்கினால் பிடிக்காது. கைப்பிடியில் அழுத்துகிற லீவர் மட்டும் கைக்கு எப்போதும் போல கெட்டியாகவே இருக்கும். அதனால் ஓட்டுகிறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

சங்கிலிக்குப் போடும்போது அத்தான் கை தவறிப் பட்டுவிட்டதா? விசாரி. அந்த மாதிரி எண்ணெய் குடித்த பேட்டைக் கழுவிப் பயன் இல்லை. தூக்கிப் போட்டுப் புதுசு மாட்ட வேண்டும். டிஸ்க்கை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். நீல டேப் சைக்கிளை ஓட்டுகிறவன் யாராக இருந்தாலும் அவனிடம் சொல்லிவிடு.

வாயாடியைப் பற்றிக் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

கால் வீக்கம் அப்படியே. முக்காலி போட்டேன், மேலாளர் அம்மா எடுக்கச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து தேய்த்தால் மடிப்பு சரியாக விழாதாம்.

அத்தான் கை தவறுகிற மனுஷன் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவர் கால்சட்டை ஞாபகம் வந்தது. கடைசி நாட்களில் இடது கால் பக்கம் பொடிப்பொடியாகக் கறை. சொட்டினால் அப்படி விழாது, தெளித்தால்தான் விழும். நான் சலவைக்காரி, கறையைப் பார்த்தால் தெரியும். "இது எங்க பூசிக்கிட்டு வர்றீங்க?" என்று அப்போது சத்தம் போட்டேன். "காலையில அவன் அடிப்பான், மேல தெறிக்கும்" என்றார். யார், எதை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த 'அவன்' ஸ்பானர். நேரே போய்க் கேட்டேன்.

"டிஸ்க்குல எண்ணெய் அடிச்சியாடா?"

"சைலன்சர் சொன்னான்க்கா. மேல விடுதியில தங்குறவங்க சத்தம் சத்தம்னு புகார் பண்றாங்களாம். மொதல்ல லேசா அடிச்சேன். கழுதை, இன்னும் கத்துச்சு. நெறைய அடிடான்னான். அடிச்சேன். அமைதியாயிடுச்சு."

"பிரேக்ல எண்ணெய் அடிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"ரப்பர் கட்டை பிரேக்னா அடிக்கக்கூடாது, தெரியும். இது டிஸ்க்கு, இரும்பும் இரும்பும்தானேன்னு நெனச்சுட்டேன். கதவுக் கீல் மாதிரின்னு..." இன்றைக்கும் தினமும் காலையில் அடிக்கச் சொல்கிறார்களாம். அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

புகார் கொடுத்தது நான் வேலை பார்க்கிற விடுதிதான். மேலாளர் அம்மாவிடம் கேட்டேன். "இங்க வர்றவங்க அமைதிக்குத்தானேம்மா வர்றாங்க" என்றார். அவர்கள் படுத்து எழுந்த விரிப்பைத்தான் அப்போது நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நன்றாகத் தூங்கத்தான் என் வீட்டில் ஒருவர் நிரந்தரமாகத் தூங்குகிறார்.

நீ கண்டதை உங்கள் கம்பெனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஸ்பானர் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் எடுபடும்.

வாயாடி நன்றாக இருக்கிறாள். வெயிலில் கொஞ்சம் கறுத்திருக்கிறாள், கை காய்த்திருக்கிறது. அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. வாயாடிக்குக் கை ஏன் காய்த்தது? அந்தச் சைக்கிளை ஓட்டுவது யார்?

கம்பெனித் தாள் மட்டும் கேட்காதே. எங்கள் முத்திரை போட்ட பிரேக்கைப் பற்றி நான் எழுதினால் முதலில் என்னை வெளியே அனுப்புவார்கள், பிறகுதான் படிப்பார்கள். எண்ணெய் அடித்தது டெலிவரி கம்பெனி, எங்கள் பிரேக்கில் குறை இல்லை என்று சொல்லி எங்கள் கம்பெனி தப்பித்துவிடும். அது முழுப் பொய்யும் இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் எழுது. உடனே எழுது.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

வாயாடிதான் ஓட்டுகிறாள்.

கல்லூரிக்கு பிப்ரவரியிலிருந்தே போகவில்லை. அப்பா வேலையை மகளுக்குக் கொடுக்கிறோம், பெரிய மனசு பண்ணுகிறோம் என்று வந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு கையெழுத்து: தப்பு அத்தான் மேல்தான் என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டும். போட்டேன். அடுப்பில் ஏதாவது ஏற்ற வேண்டும் இல்லையா? எந்தச் சைக்கிள் என்று அப்போது சொல்லவில்லை. முதல் நாள் நீல டேப் போட்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வேற இல்லையாம்மா" என்றாள். உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நீ ஏசுவாய் என்று இல்லை. எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று.

நீ இந்த மாதத் தொடக்கத்தில் எண்ணெய் என்று எழுதினாயே, அன்றிலிருந்து பேட் மாற்றச் சொல்லி நடையாய் நடக்கிறேன். "ஸ்டாக் வரட்டும்மா" என்கிறான் சைலன்சர்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவில்லை. அத்தான் விழுந்த அன்றைக்கு நான் பின்கதவில்தான் நின்றேன். அத்தான் சத்தமே இல்லாமல் வந்தார். ஒரு கையைத் தூக்கினார். கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள், விலகச் சொல்லித்தான் தூக்கியிருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை. அவர் எனக்குக் கை காட்டுகிறார் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

இப்போது சாயங்காலம் வாயாடி தாண்டிப் போகும்போது கையைத் தூக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாய். உன் வேலை என்னவென்று இதுவரை நீ எனக்குச் சொன்னதே இல்லை. பிரேக் கம்பெனி என்பாய், அவ்வளவுதான். அங்கே நீ என்னதான் செய்கிறாய்?

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் வாயாடியும் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

இங்கே என் வேலை பிரேக்கைச் சோதிப்பது. வரிசையில் வரும் பிரேக்கை ஒரு மெஷினில் மாட்டுவேன். லீவரை மெஷின் அழுத்தும், சிறிய சக்கரம் ஒன்று நிற்கும். பச்சை விளக்கு எரிந்தால் பெட்டிக்குள் போகலாம். உன்னிடம் இருக்கிறதே அந்த பிரேக், அதற்கும் நான்தான் விளக்குப் பார்த்திருப்பேன்.

உன் கடிதம் வந்த பிறகு சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் போகக் காத்திருந்து, அத்தானின் பேட்களை அதே மெஷினில் மாட்டினேன். எண்ணெய் குடித்த பேட். பச்சை எரிந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். பச்சை. மறுபடி மறுபடி மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன் அக்கா. ஒரு தடவையாவது சிவப்பு வராதா என்று பார்த்தேன். வரவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நாம லீவரைத்தான் டெஸ்ட் பண்றோம் தம்பி, மலையை இல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனுஷன், பிள்ளைகுட்டிக்காரர்.

பழைய கொட்டகையில் பெரிய சக்கரம் ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர்கள் வந்தால் மட்டும் ஓட்டிக் காட்டுவது. மறுநாள் அதில் ஓர் ஆள் பாரமும் பார்சல் பாரமும் ஏற்றி, அத்தானின் பேட்டை மாட்டிச் சுற்றவிட்டேன். லீவர் கெட்டியாக இருந்தது. டிஸ்க் நீலம் பாரித்தது, புகை வந்தது. சக்கரம் நிற்கவில்லை. பிறகு எண்ணெய் படாத புதுப் பேட் மாட்டிப் பார்த்தேன். கொட்டகையே அதிர்கிற மாதிரி கத்தியது. ஆனால் நின்றது.

இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கம்பெனித் தாள்தான். கேட்டு எடுக்கவில்லை. கொட்டகைப் புகையைப் பார்த்து மேனேஜர் வந்தபோது எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனி விடுதியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். புது விலாசம் பின்பக்கம். பார்சலில் புதுப் பேட்கள் இருக்கின்றன, எல்லாச் சைக்கிளுக்கும் வராது. முதலில் நீல டேப்புக்கு மாட்டு.

தம்பி


ஜூன் 17

மாமாவுக்கு,

வாயாடி எழுதுகிறேன். சௌக்கியமா? வேலை போன மனுஷனிடம் கேட்கக் கூடாத கேள்வி, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பேட் மாட்டியாகிவிட்டது. பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மற்ற சைக்கிளுக்கும் வாங்கினார்கள். எண்ணெய் டப்பாவை ஸ்பானர் மாமாவே ஓடையில் எறிந்தார். இப்போது மலை முழுக்க ஒரே அலறல். "பொண்ணு பாக்க வர்ற மாதிரியா வர்றீங்க, பேய் ஓட்ட வர்ற மாதிரி வர்றீங்க" என்று டீக்கடைக்காரர் காதைப் பொத்துகிறார்.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். உங்கள் பேட் வரும் வரைக்கும் நான் காலால்தான் பிரேக் போட்டேன். சரிவில் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு இறங்குவேன். அம்மா பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று தேய்ந்த செருப்பை மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைப்பேன். அம்மா பின்கதவில் நிற்பது தெரியும். அந்த இடத்தில் மட்டும் காலைத் தூக்கிக்கொள்வேன்.

நீல டேப்பில் அப்பா விரல் பதிந்து பள்ளமாகியிருக்கிறது மாமா. என் விரல் அதில் சரியாக உட்காருவதில்லை. நான் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால், சரிவில் கை தானாக அங்கேயே வந்துவிடுகிறது. பயமாக இல்லை. ஆனால் யாரிடமும் சொல்வதில்லை.

சைலன்சர் கொதிக்கிறான். விடுதியிலிருந்து மறுபடி புகாராம். முதல் தேதியிலிருந்து எண்ணெய் அடிக்காத சைக்கிள் டெப்போவை விட்டு வெளியே போகக் கூடாதாம், அடிக்காதவர்கள் வீட்டுக்குப் போகலாமாம். உங்கள் தாளை எடுத்துக்கொண்டு அம்மா அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றேன். என் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்?

உங்கள் வாயாடி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை எழுதக் கை வருகிறது. புது இடத்தில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

முதல் தேதி டெப்போவுக்குப் போனேன். ஓட்டுகிற பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்கள். உன் தாளை சைலன்சரிடம் கொடுத்தேன். பெயரைப் பார்த்தான். "உங்க தம்பிதானே? சொந்தக்காரன் எழுதிக் குடுத்தா அதுக்குப் பேரு சர்டிபிகேட்டா?" என்று மடித்து என் கையிலேயே திணித்தான்.

"சரி சார், தாள் வேணாம்" என்றேன். உதிரியாகக் கிடந்த ஒரு பழைய சைக்கிளை ஸ்பானர் உருட்டிக்கொண்டு வந்தான். பேட் மாற்றாதது. சைலன்சர் எதிரிலேயே, சைலன்சர் சொன்ன அளவுக்கு, டிஸ்க்கில் எண்ணெய் அடித்தான். பின்னால் பெட்டியில் பார்சலை ஏற்றிக் கட்டினான்.

"நீங்க சொன்ன மாதிரியே அடிச்சாச்சு. கீழ வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வாங்க சார். பிடிச்சுதுன்னா நாங்க எல்லாரும் அடிச்சுக்கறோம், எங்க வீட்டுக்காரர் மேலதான் தப்புன்னு ஊரெல்லாம் நானே சொல்றேன்."

பின்னாலிருந்து எவனோ, "வீட்டுல யாருக்காவது சேதி சொல்லணுமா சார்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் சைலன்சரைச் சைக்கிளில் ஏற்றியது. லீவரை அழுத்திப் பார்த்தான். "பாருங்க, எவ்ளோ டைட்டா இருக்கு!" என்று எல்லாருக்கும் காட்டினான். உன் பச்சை விளக்குதான் எனக்கு ஞாபகம் வந்தது. சரிவு தொடங்குகிற இடத்துக்கு உருட்டிக்கொண்டு போய், காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். ஒரு கால் மட்டும் தரையில் இருந்தது.

அந்தக் கால் தரையை விட்டு எழுந்துவிட்டது தம்பி. சைக்கிள் நகர்ந்தது. அப்போதுதான் வாயாடி ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "வேணாம் சார், எறங்குங்க! எறங்குங்க!" என்று கத்தினாள். இழுத்ததில் அவளும் விழுந்தாள், அவனும் விழுந்தான். முழங்கை சிராய்த்தது, வேறொன்றும் இல்லை. அவன் எழுந்து யாரையும் பார்க்கவில்லை. கீழே அவனுக்கு ஏதோ வேலை இருந்ததாம். அந்தச் சைக்கிளைக் கையால் உருட்டிக்கொண்டே சரிவில் நடந்து போனான்.

மறுநாள் புதுப் பேட்கள் வந்தன. எண்ணெய் பற்றி யாரும் பேசுவதில்லை. அத்தான் மேல் போட்ட பழி அப்படியேதான் இருக்கிறது. என் கையெழுத்தும் இருக்கிறது. அதற்கு இனிமேல்தான் நடக்க வேண்டும். நீ வந்து சேர்ந்தால் சேர்ந்து நடக்கலாம்.

வாயாடியைப் பார்த்து ஊரே பெருமைப்படுகிறது. அப்பனைக் கொன்றவனைக் காப்பாற்றினாளே என்கிறார்கள். என்னிடமும் வந்து சொல்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

அவளைவிட நான்தான் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன் தம்பி. கையை நீட்டியிருந்தால் எட்டும். அந்தக் கால் எழுவதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வா.

அக்கா